குனிந்து நிற்கும் தந்தை

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை ஒன்றைத் தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் ‘கெட்டகுமாரன்’ என்றும் கத்தோலிக்கர்கள் ‘ஊதாரி மைந்தன்’ என்றும் வழங்குகிறார்கள். இரண்டு பெயர்களும் மகனையே சுட்டினாலும் கதையின் பாரத்தைச் சுமப்பவர் தந்தைதான். இதைத் தூரிகையால் உணர்த்தியவர் ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669). வாழ்வின் கடைசி ஆண்டுகளில், 1668ஐ ஒட்டி, அவர் தீட்டிய ‘கெட்டகுமாரனின் திரும்புதல்’ இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரரசி இரண்டாம் கேத்தரினின் சேகரிப்புக்காக 1766இல் வாங்கப்பட்டது அது. 262 சென்டிமீட்டர் உயரமும் 205 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அந்தத் துணியில் முன்னால் இருப்பவர்கள் ஏறக்குறைய ஆளளவுக்கே தெரிகிறார்கள்.

உவமை எளிமையானது. இளைய மகன், தந்தை உயிரோடிருக்கும்போதே தன் பங்குச் சொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு தூர தேசம் போகிறான். கையிலிருந்ததை எல்லாம் அழித்த பிறகு பஞ்சம் வருகிறது. யூதர்கள் தீட்டென ஒதுக்கும் பன்றிகளை மேய்த்து, அவற்றின் தீனிக்கே ஏங்கும் நிலைக்கு இறங்குகிறான். தந்தையின் வீட்டில் கூலியாளாகவாவது இருக்கலாம் என்று, சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனத்துக்குள் கோத்துக்கொண்டு திரும்புகிறான். தொலைவில் கண்டவுடனே தந்தை ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். மகன் கோத்து வைத்திருந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் புது அங்கியும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லி, கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வந்த மூத்த மகனுக்கு இது பொறுக்கவில்லை. இத்தனை காலம் உழைத்த தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லையே என்று வாசலிலேயே நின்றுவிடுகிறான்.

ஓவியர்களுக்கு இந்தக் கதை நெடுங்காலமாகவே பிடித்தமானது. ஜெர்மானியரான ட்யூரர் 1496ஐ ஒட்டிச் செய்த செப்புத்தகட்டுச் செதுக்கலில், பண்ணை முற்றத்தில் பன்றிகளின் நடுவே முழந்தாளிட்டு மனம் கசியும் மகனைக் காட்டினார். கேளிக்கை விடுதியும் விலைமாதரும் நிறைந்த காட்சிகளை வேறு பலர் வரைந்தார்கள். ரெம்பிராண்டின் ஹாலந்தில் கால்வினியச் சீர்திருத்தத் திருச்சபையே ஓங்கியிருந்தது. அதன் ஆலயங்களில் படங்களுக்கு இடமில்லை. சுவர்கள் வெறுமையாகவே இருந்தன. ஆனால் மக்கள் தங்கள் வீட்டுச் சுவர்களில் விவிலியக் காட்சிகளை விரும்பி மாட்டினார்கள். பீடத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த சமயக்கலையில் மகிமையின் இடத்தை மனித முகங்கள் பிடித்தன. ரெம்பிராண்டின் விவிலிய ஓவியங்கள் முளைத்த மண் இது.

இந்த உவமை அவரை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்தது. மணமான புதிதில், 1635ஐ ஒட்டி, தன்னையே ஊதாரியாக வைத்து ஒரு படம் தீட்டினார். டிரெஸ்டன் நகரில் உள்ள அந்தப் படத்தில் பட்டும் இறகுத் தொப்பியுமாக, மது நிறைந்த நீண்ட கண்ணாடிக் குவளையை உயர்த்திச் சிரிக்கிறார். மடியில் மனைவி சாஸ்கியா. அடுத்த ஆண்டே, 1636இல், மகன் திரும்பும் காட்சியைச் செப்புத்தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தால் அரித்து அச்சிட்டார். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அந்த அச்சில் எல்லாமே அசைகிறது. தந்தை வாசற்படியில் விரைந்து குனிகிறார். எலும்பும் தோலுமான மகன் முகம் கோணி அழுகிறான். வேலையாட்கள் துணியோடு படியிறங்குகிறார்கள். ஒரு பெண் சன்னல் கதவைத் தள்ளி எட்டிப் பார்க்கிறாள். முப்பது வயது இளைஞரின் கதை சொல்லும் துடிப்பு அதில் தெறிக்கிறது.

அந்த அச்சுக்கும் ஹெர்மிடாஜ் ஓவியத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. மூன்று குழந்தைகள் பிறந்த சில வாரங்களிலேயே இறந்தன. 1642இல் சாஸ்கியா இறந்தார். 1656இல் கடன் முற்றிச் சொத்துகள் ஏலத்துக்குப் போயின. 1654இல் ஆம்ஸ்டர்டாம் திருச்சபை மன்றம், ரெம்பிராண்டோடு மணமாகாமல் வாழ்ந்த ஹென்ட்ரிக்யேயை அழைத்து விசாரித்து, திருவிருந்தில் பங்குபெறக் கூடாதென விலக்கியது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். ஒழுக்கத்தை நிறுத்துப் பார்க்கும் கண்கள் எப்படியிருக்கும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். 1663இல் ஹென்ட்ரிக்யேயும், 1668இல் எஞ்சியிருந்த ஒரே மகன் டைட்டஸும் மறைந்தார்கள். ஓவியத்தில் ஆண்டு குறிக்கப்படாததால் எந்தத் துயரம் எந்தத் தீற்றலுக்குக் காரணம் என்று கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் இத்தகைய துயரங்களைக் கண்ட கை தீட்டியது அது.

பழைய அச்சில் ஓடிய எல்லாம் இங்கே நின்றுவிடுகின்றன. படியும் சன்னலும் வேலையாட்களின் பரபரப்பும் இல்லை. கருமையும் பழுப்புமான பின்புலத்தில், இடப்பக்கமாக, ஒளி ஒரு முதியவரின் நெற்றியிலும் ஒரு மகனின் முதுகிலும் விழுகிறது. தோளில் சிவப்பு மேலாடை அணிந்த தந்தை மெல்லக் குனிந்திருக்கிறார். இமைகள் தாழ்ந்த அவருடைய கண்கள் பார்வை மங்கியவைபோல் தெரிகின்றன. பார்த்து அறிவதைத் தொட்டு அறிகிறார். மகனின் முகம் தந்தையின் மார்பில் புதைந்து பாதிக்குமேல் மறைந்திருக்கிறது. அவனுடைய மனந்திரும்புதலை முகத்தில் தேட முடியாது. முதுகும் கால்களுமே பேசுகின்றன.

கால்களைக் கூர்ந்து பார்க்கும்போது ரெம்பிராண்டின் கைத்திறம் விளங்கும். இடக்காலின் செருப்பு கழன்று கிடக்க, தழும்பேறிய உள்ளங்கால் பார்ப்பவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. வலக்காலில் பிய்ந்த செருப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடந்த தொலைவைச் சொல்ல இவ்விரண்டு பாதங்களே போதும். தலை மழிக்கப்பட்டிருக்கிறது, கந்தலான உடையை ஒரு கயிறு இடுப்போடு கட்டியிருக்கிறது. அந்த இடுப்பில் இன்னும் ஒரு குறுவாள் தொங்குகிறது. எல்லாவற்றையும் விற்றுத் தின்றவன், தான் ஒரு குடும்பத்தின் பிள்ளை என்பதற்கான அந்த அடையாளத்தை மட்டும் விற்கவில்லை. முதுமைக் கால ரெம்பிராண்ட் வண்ணத்தைத் தடிமனாக அப்புவார். கந்தலின் முரட்டுத் துணியை அந்த அப்பலே உண்டாக்குகிறது. விரல் வைத்தால் இழை தட்டுப்படும் என்று தோன்றும்.

ஓவியத்தின் இதயம் தந்தையின் கைகள். மகனின் வலத்தோளில் பதிந்த இடக்கை அகலமானது. விரல்கள் விரிந்து, விழுந்துவிடாமல் தாங்கும் பிடியோடு இருக்கின்றன. முதுகில் படிந்த வலக்கை மென்மையானது. தட்டிக்கொடுக்கும் பாங்கில் தளர்ந்து கிடக்கிறது. ஒன்று தந்தையின் கை, மற்றது தாயின் கை என்று ரசிகர்கள் பலர் சொல்வதுண்டு. ஓவியர் அப்படி எண்ணினாரோ இல்லையோ, கண் அந்த வேறுபாட்டை உடனே உணர்கிறது. அந்தக் கைகளில் விசாரணை இல்லை. பணம் எங்கே போனது, யாரோடு போனது என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. மன்னிப்பு என்பது குற்றத்தை எடைபோட்டபின் கொடுக்கும் தள்ளுபடி அன்று. ஒருவனை மறுபடி மகனாக்கும் தொடுகை. கிறிஸ்தவ மறை கிருபை என்று சொல்வதை இதைவிடத் தெளிவாக வண்ணத்தில் சொன்ன ஓவியம் அரிது.

வலப்பக்கத்தில் நெடிதாக நிற்பவனை மூத்த மகன் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். உவமையில் அவன் வீட்டுக்குள் வரவே மறுக்கிறான்; ரெம்பிராண்டோ அவனைச் சந்திப்பின் சாட்சியாகவே நிறுத்திவிடுகிறார். தந்தையைப் போலவே அவனுக்கும் தாடியும் சிவப்பு மேலாடையும் உண்டு. அவன் முகத்திலும் ஒளி விழுகிறது. வேறுபாடு உடலின் நிலையில்தான். தந்தை குனிகிறார், அவன் நிமிர்ந்திருக்கிறான். தந்தையின் கைகள் விரிந்திருக்கின்றன, அவனுடைய கைகள் கைத்தடியின் மேல் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. ஓவியர் அவனைக் கொடியவனாகக் காட்டவில்லை. வரம்பு மீறாத, உழைத்த, நேர்மையான மனிதன் அவன். அவனுக்கும் தந்தைக்கும் இடையே இருண்ட வெளி ஒன்று கிடக்கிறது. பின்னால் இருளிலிருந்து எட்டிப்பார்க்கும் மற்ற முகங்களும் தீர்ப்புச் சொல்லாமல் பார்த்தபடி இருக்கின்றன.

பாவிகளோடு இயேசு உணவருந்துகிறார் என்று முறுமுறுத்த பரிசேயர்களுக்கும் மறைநூல் அறிஞர்களுக்கும் சொல்லப்பட்ட கதை இது. மூத்த மகன்களுக்கே சொல்லப்பட்டது என்றும் கொள்ளலாம். தந்தை வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. ரெம்பிராண்டும் அதை முடித்துவைக்கவில்லை. கோத்த கைகள் கோத்தபடியே இருக்கின்றன. ஒரு பார்வைத் தூரத்தில், குனிந்த முதியவரின் கைகள் தாங்கியபடியே இருக்கின்றன.