ஒப்புதலும் அதிகாரமும்: ‘ஜஹாங்கீர்நாமா’வை முன்வைத்து ஒரு திறனாய்வு

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் ஆட்சியை (1605–1627) மதிப்பிடுவோர் பெரிதும் சார்ந்து நிற்பது, அவர் பாரசீக மொழியில் எழுதிய ‘ஜஹாங்கீர்நாமா’ என்னும் தன்வரலாற்று நூலையே ஆகும். ஆட்சியின் 17ஆம் ஆண்டுவரை அவரே எழுதிய இந்நூலை, அவர் உடல்நலம் குன்றியபின் முஃதமித் கான் தொடர்ந்தார். ஒளிவுமறைவின்மையே இந்நூலின் சிறப்பாகப் போற்றப்படுகிறது. அதன் இயல்பு யாது என்பது ஆராயத்தக்கது.

அரியணையேறியதும் பிறப்பித்த 12 ஆணைகளுள் மது வடித்தலையும் விற்றலையும் தடைசெய்யும் ஜஹாங்கீர், தாம் 18 வயது முதல் மது அருந்திவருவதை அவ்விடத்திலேயே கூறுகிறார். 1602இல் அபுல் ஃபஸல் கொல்லப்பட்டது தம் தூண்டுதலால் என்பதையும், 1606இல் சீக்கிய குரு அர்ஜனைக் கொல்லத் தாம் ஆணையிட்டதையும் அவர் மறைக்கவில்லை. இம்மூன்றையும் ஒரே வகை ஒப்புதலாகக் கொள்ளுதல் பொருந்தாது. மதுப்பழக்கத்தை விவரிக்குமிடங்களில் தம் உடல்நலம் பற்றிய கவலை தென்படுகிறது. கொலைகளைக் கூறுமிடங்களிலோ வருத்தம் இல்லை. அவற்றுக்கான நியாயமே முன்வைக்கப்படுகிறது. தட்டிக் கேட்பார் இல்லாத ஒருவருக்கு மறைக்கவேண்டிய தேவை எழுவதில்லை. ஆகவே, இவ்வெளிப்படைத்தன்மையை அறநேர்மையின் சான்றாகக் கொள்வதினும் அதிகாரத்தின் அறிவிப்பாகக் கொள்வதே ஏற்புடையது.

ஆக்ரா கோட்டையில் கட்டப்பட்ட நீதிச் சங்கிலியையும் இந்நோக்கில் காணலாம். பொன்னாலான அச்சங்கிலியில் 60 மணிகள் இருந்தன என்றும், நீதி மறுக்கப்பட்டோர் அதனை அசைத்து முறையிடலாம் என்றும் நூல் கூறுகிறது. இப்பதிவு அரசர் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினார் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, மக்கள் பெற்ற நீதிக்குச் சான்றாகாது.

நூலின் மௌனங்களும் கருதத்தக்கவை. 1611இல் நூர்ஜஹானை மணந்த நிகழ்வை அது விவரிக்கவில்லை. அவர் பெயரில் நாணயங்கள் அச்சிடப்பட்டதையும் அரசாணைகள் வெளிவந்ததையும் நோக்க, இம்மௌனம் சிறியதன்று. அரசரின் மது பற்றிய ஒப்புதலையும், 1615 முதல் 1619 வரை இந்தியாவில் தூதராக இருந்த தாமஸ் ரோவின் குறிப்புகளையும் இணைத்தே, ‘மனைவியின் சொற்படி நடந்த மதுப்பிரியர்’ என்னும் பிற்காலச் சித்திரம் உருவாயிற்று. ஒன்று அரசரின் தற்சித்திரம். மற்றொன்று வணிகச் சலுகை நாடி வந்த அயலாரின் பார்வை. பல ஆண்டுகள் நிருவாகத்தில் பங்குகொண்ட பெண் ஒருவரின் ஆளுமை இவ்விரண்டிலும் உரிய இடம் பெறவில்லை.

சாரசக் கொக்குகளின் வாழ்வை நுணுகிப் பதிவுசெய்த அதே கண், 1618இல் இறக்கும் தறுவாயிலிருந்த இனாயத் கானின் மெலிந்த உடலையும் ஓவியமாகத் தீட்டச் செய்தது. அக்கண்ணின் கூர்மை ஐயத்திற்கு இடமற்றது. எனவே, ஜஹாங்கீர் தரும் செய்திகளை மதிப்புடன் ஏற்கும் ஆய்வு, அவர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட தீர்ப்பையும் உடன் ஏற்கவேண்டியதில்லை.