காஞ்சித் தொண்டும் கத்தோலிக்கப் பள்ளியும்

கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றித் தமிழில் எழுந்துள்ள எழுத்துகள் பெரும்பாலும் இரு வகையின. வெள்ளி விழா மலர்களிலும் பொன் விழா மலர்களிலும் காணப்படும் புகழுரைகள் ஒரு வகை. அப்பள்ளிகள் ஆற்றும் ஊர்ப்பணி யாவும் மதமாற்றத்திற்கு விரித்த வலையே எனக் கூறும் கண்டன உரைகள் மற்றொரு வகை. இவை தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் ஒரே பிழையின்பாற் படுவன. சமயப் பற்றையும் தொண்டையும் முதலில் இரு வேறு பொருள்களாகப் பிரித்து நிறுத்திக்கொண்டு, பின்னர் ஒன்று மற்றொன்றுக்குக் கருவியாயிற்றா என வினவுவதே அப்பிழை. பற்றே தொண்டை ஈன்றது என்பர் புகழ்வோர். பற்றினைப் பரப்பவே தொண்டு என்பர் இகழ்வோர். இவ்விரண்டிற்குமுள்ள உறவினைப் பழந்தமிழ் நூல்கள் எங்ஙனம் கண்டன என்று நோக்கியபின் இப்பள்ளிகளை அளப்பதே முறை. அந்நோக்கிற்கு ஏற்ற களம் காஞ்சி மாநகர் என்பது எம் கருத்து.

காஞ்சியில் மேனாட்டுச் சமயப் பணியாளர் கண்ட பள்ளி என்றவுடன் ஆண்டர்சன் பெயர் தாங்கிய பள்ளியே பலர்க்கும் நினைவில் எழும். அது ஸ்காட்லாந்துச் சபையாரின் வழி வந்தது, கத்தோலிக்கருடையதன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்சி முறையில் இந்நகரம் 2002இல் அமைக்கப்பட்ட செங்கற்பட்டு மறைமாவட்டத்துள் அடங்கும். எனினும் யாம் காஞ்சியைத் தேர்ந்தது பள்ளிகளின் தொகையோ தொன்மையோ கருதியன்று. தொண்டு என்பதன் இருவேறு இலக்கணங்களைத் தமிழ்ப் புலவர் இருவர் இந்நகரையே நிலைக்களனாகக் கொண்டு அமைத்திருப்பது கருதியே ஆகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். தொண்டு என்பது அடிமைத் தன்மையை உணர்த்தி, அதன் வழியே வழிபாட்டையும் பணியையும் உணர்த்தலாயிற்று. (ஒன்பது என்னும் எண்ணையும் அச்சொல் பண்டு குறித்தது, அஃது ஈண்டைக்கு வேண்டா.) கிறித்தவத் தமிழில் நெடுங்காலம் வழங்கியது ஊழியம் என்னும் சொல். அச்சொல்லின் வரலாறு உவப்பானதன்று. திருவிதாங்கூர் நாட்டில் 19ஆம் நூற்றாண்டிலும் கூலியின்றிக் கட்டாயமாக வாங்கப்பட்ட உழைப்பிற்கு ஊழியம் என்பதே பெயர். வன்முறையால் வாங்கப்பட்ட உழைப்பின் பெயரே விரும்பி ஆற்றும் பணியின் பெயராகவும் வழங்கியது எண்ணத்தக்கது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, பழைய பெயர்ப்பில் ஊழியம் என்றிருந்த இன்றியமையாத இடத்தில் தொண்டு என்னும் சொல்லை அமைத்தது. சைவ அடியார்களின் பெயரோடு ஒட்டிய சொல் கிறித்தவ மறைநூலுள் புகுந்தது வெறும் மொழித்தூய்மை பற்றிய செயலாக எமக்குத் தோன்றவில்லை. ஒரு சொல்லைக் கொள்வோர் அதன் கடனையும் உடன் கொள்கின்றனர்.

அக்கடன் யாது? காஞ்சியில் வாழ்ந்த தொண்டர் ஒருவரின் வரலாறு அதனைக் காட்டும். சேக்கிழார் பாடிய திருக்குறிப்புத் தொண்ட நாயனார் புராணம் ஏகாலியர் மரபில் தோன்றிய ஒருவரைப் பற்றியது. அடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தலே அவர் கொண்ட பணி. குளிர் காலத்தில் மெலிந்த மேனியுடன் கந்தையுடுத்து வந்த முதியவரின் ஆடையை, மாலைக்குள் உலர்த்தித் தருவதாக வாங்கினார், மழை விடவில்லை, சொன்ன சொல் தவறியதற்கு ஆற்றாது, துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதினார். இக்கதை யாவரும் அறிந்ததே. ஆராய்வார் போற்ற வேண்டியது வேறொன்று. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களையுடைய இப்புராணத்தில் பெரும்பகுதியைத் தொண்டை நாட்டின் வளத்திற்கும் காஞ்சியின் சிறப்பிற்கும் அளித்துவிட்டு, இறுதியிற் சில பாடல்களிலேயே சேக்கிழார் நாயனாரைப் பாடுகின்றார். அளவு பிறழ்ந்தது என்று குறை கூறுவாரும் உளர். எமக்கோ அதுவே பொருத்தமாகப் படுகின்றது. ஊரினை உணராமல் அவ்வூர்த் தொண்டனை உணர இயலாது. அன்றியும் அவர் பெயரில் உள்ள குறிப்பு என்னும் சொல் கருதத்தக்கது. அடியார் வாய்திறந்து கேளாமுன் அவர் உள்ளக் குறிப்பை அறிந்து செய்தலே அவர் தொண்டு. ஆயின் இத்தொண்டு ஓர் எல்லையுடையது. அது ஒரே பற்றுடையார்க்கு ஆற்றப்படுவது.

மற்றோர் இலக்கணம் மணிமேகலையிற் காணப்படும். சாத்தனார் அமைத்த வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். வஞ்சியில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கை கூறக் கேட்பது 27ஆம் காதை. காஞ்சி பசியால் வாடுகின்றது என்பதை மாசாத்துவான் வாயிலாக அறிந்து, அங்குச் சென்று அமுதசுரபியால் ஊட்டுவது 28ஆம் காதை. அறவண அடிகளிடம் அளவை முறைகளைக் கேட்பது 29. நோன்பு மேற்கொள்வது 30. பிற சமயங்களைக் கேட்டதற்கும் தன் சமயத்தை முழுமையாக ஏற்றதற்கும் இடையே சோறிடும் செயலைப் புலவர் நிறுத்தியுள்ளார். காஞ்சியில் உண்டவர் குருடர், செவிடர், முடவர், பல மொழி பேசுவோர். அவர் எச்சமயத்தார் என்னும் வினா காப்பியத்தில் எழவே இல்லை. அதே வேளையில் மணிமேகலை தன் பற்றை மறைக்கவும் இல்லை. புத்த பீடிகையை அமைத்து, அதன் மேலேயே அமுதசுரபியை வைத்தாள். கொடுப்பவளுக்குச் சமயம் உண்டு. கொள்பவரிடம் அது வினவப்படவில்லை. தொண்டின் இலக்கணம் இதனினும் தெளிவாக வேறெங்கும் கூறப்பட்டதாக யாம் அறியோம்.

இனிக் கத்தோலிக்கர் தாமே வகுத்த நெறியைக் காண்போம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதன் 8ஆம் பகுதி, நற்செய்தியின் உரிமையும் அன்பும் நிறைந்த சமூகமாகப் பள்ளி விளங்க வேண்டும் என்கிறது. அப்பகுதியின் நோக்கு பெரிதும் தம்மவரை வளர்த்தல். 9ஆம் பகுதி வேறு திசையில் விரிகின்றது. பொருளால் வறியோர், குடும்பத்தின் துணையும் அன்பும் இழந்தோர், தம் நம்பிக்கைக்கு அயலார் ஆகிய மூவகையாரையும் சிறப்பாகப் பேணுமாறு அது பணிக்கின்றது. முன்னது திருக்குறிப்புத் தொண்டர் நெறி, பின்னது மணிமேகலை நெறி என்று கூறினால் மிகையாகாது. இவற்றுள் ஒன்றை மட்டும் படித்த பள்ளிகள் பல என்பதே எம் குறை.

தமிழ்நாட்டில் இந்நெறிக்கு முன்னோடியான உரைநடை நூல் வீரமாமுனிவரின் வேதியர் ஒழுக்கம். மறை கற்பிக்கும் உபதேசியார்க்கென 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்ட அந்நூல், கற்பிப்பவனின் அறிவினும் அவன் ஒழுக்கத்தையே முதன்மையாக்குகின்றது. இதனைத் தனித்துப் படிப்பதினும் அம்முனிவரே இயற்றிய பரமார்த்த குருவின் கதையோடு சேர்த்துப் படிப்பது நன்று. பின்னது நகைச்சுவை நூல் என்று சிறுவர்க்கு ஒதுக்கிவிட்டோம். அக்குருவிடம் பற்றுக்குக் குறைவில்லை. சீடர்களிடம் பணிவிடைக்கும் குறைவில்லை. கண்முன் நிற்பதை உள்ளவாறு காணும் ஆற்றல்தான் இல்லை. ஒழுக்கமுடைய ஆசிரியனை ஒரு நூலிலும், காணும் திறனற்ற ஆசிரியனை மற்றொரு நூலிலும் வரைந்த முனிவர், இரண்டாலும் ஒரே ஆசிரியனையே இலக்கணப்படுத்தினார் என்று கொள்ளலாம்.

வலை என்னும் குற்றச்சாட்டினை எளிதாகத் தள்ளிவிடவும் ஒண்ணாது. தொண்டைப் பெற்றவர் நன்றியால் தலைவணங்கும் நிலையிலுள்ள வறியோராயின், கேளாமலே கேட்பதுபோன்ற ஒரு நெருக்கம் எழக்கூடும். இந்திய அரசியலமைப்பின் 28(3)ஆம் உறுப்பு, அரசின் ஏற்பிசைவோ உதவியோ பெற்ற பள்ளியில் பயில்வோர் எவரையும் அவர்தம் இசைவின்றிச் சமய போதனையிலும் வழிபாட்டிலும் பங்குகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என்று விதித்திருப்பது இந்நெருக்கத்தை உணர்ந்தே ஆகும். இவ்விதியைத் தமக்கு இடையூறாகக் கருதும் பள்ளியாளர், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நூல்களைப் படிப்பாராக. கத்தோலிக்கராகப் பிறந்து கத்தோலிக்கராகவே மறைந்த அவர், 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனையை வெளியிட்டார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பஞ்சத்தில் அவர் வாரி வழங்கியதைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றியதும் யாவரும் அறிந்ததே. அப்பஞ்சத்தை அடுத்து 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரம் அறநெறி பேசுமேயன்றி யாரையும் தம் சமயத்திற்கு அழைக்கவில்லை.

தொண்டு ஒருவழிப் பாதையன்று என்பதற்கும் ஒரு சான்று உண்டு. நெல்லை நாட்டு வடக்கன்குளம் கத்தோலிக்கரின் பழைய ஊர். அவ்வூர்க் கோயிலுள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. ஒரே பற்றுடையார்க்குள்ளும் சுவர் எழும் என்பதற்கு அது போதிய கரி. அதே ஊரின் புனித தெரேசா பள்ளிக்கு 1940இல் ஆசிரியப் பணி ஏற்று வந்தார் யாழ்ப்பாணத்து இளங்குரு ஒருவர். உரோமையில் பயின்று பல ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்த அவர்க்குத் தமிழிலக்கியம் போதிய அளவு தெரியாது. ஆங்கிருந்த பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தமிழ் பயின்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார்; பழந்தமிழ் இலக்கியத்திற் காணும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து இலண்டனில் பட்டம் பெற்றார். தனிநாயக அடிகள் என்று அவரை உலகம் அறியும். கத்தோலிக்கப் பள்ளியின் குரு, அப்பள்ளி வட்டத்தில் வாழ்ந்த அயற்சமயத்துப் புலவரின் மாணவராயினார். அப்பள்ளி தமிழுக்கு ஆற்றிய தொண்டு யாது எனக் கேட்பின், அது கற்பித்ததை மட்டுமன்றிக் கற்றுக்கொண்டதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விழா மலர்களில் இவ்வகைக் கணக்கு இடம்பெறுவது அரிது.

மீண்டும் காஞ்சிக்கு வருவோம். நாயனார் ஆடை வெளுத்த ஊரில் இன்று ஆடை நெய்வோரே பெருந்தொகையினர். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறமும் கரை மற்றொரு நிறமுமாக நெய்து இரண்டையும் பிரியாதபடி இணைக்கும் இம்முறையில் மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளி ஒருவராலேயே அவற்றை ஓட்டுதல் அரிது. அருகமர்ந்து ஒரு கரையின் நாடாவை எறிந்து வாங்க வேறொருவர் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் அமர்ந்தவர் சிறுவரே. தறியுடையாரிடம் பெற்றோர் வாங்கிய முன்பணம் பிள்ளையின் கையால் அடைக்கப்பட்டது. காஞ்சியின் பட்டுத்தறிகளில் சிறுவர் கொத்தடிமையாக உழைத்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை விரித்துரைத்தது. 1986இன் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 அகவைக்குட்பட்டோரைப் பணியில் அமர்த்துதல் முற்றும் தடுக்கப்பட்டது. எனினும் பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் குடும்பத் தொழிலுக்கு உதவுதல் இசையப்பட்டது. வீட்டினுள் தறி உள்ள ஊரில் இவ்விலக்கின் பொருள் யாது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஈண்டுத்தான் யாம் கூறிவந்த இரு நெறிகளும் மோதுகின்றன. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், அரசுதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை அண்டை வாழ் நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்க வேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் அந்நீதிமன்றத்தின் ஓர் ஆயம் இத்தீர்ப்பை ஐயுற்றுப் பேராயத்தின் பார்வைக்கு உரியதெனக் கருதியது. வழக்கின் முடிவு எவ்வாறாயினும் ஆகுக. அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பு தரும் உரிமையைக் காப்பது பிழையன்று. தம்மவர்க்குத் தொண்டு செய்தலும் தொண்டே. ஆயின் சட்டம் விலக்களித்த அந்த வறிய அண்டைப் பிள்ளையையே 1965இன் அறிக்கை பெயர் சுட்டாத குறையாகச் சுட்டிப் பேணச் சொல்கின்றது. நீதிமன்றத்தில் பெற்ற விலக்கைத் தம் சமயத்தின்முன் காட்டி விலக்குப் பெற இயலுமா என்பது பள்ளியாளர் விடை கூற வேண்டிய வினா. அரசுதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளிகள் பல வறியோர்க்கு வாயில் திறந்தே வைத்துள்ளன என்பதை மறப்பதற்கில்லை. யாம் சுட்டுவது, சமயப் பற்றினை முகப்பிற் பொறித்துக் கட்டணத்தால் வாயிலை அடைக்கும் பிறவற்றையே.

வாயில் திறந்தபின்னும் குறிப்பறிதல் எஞ்சி நிற்கும். முதற்பாட வேளையில் உறங்கும் சிறுவனைச் சோம்பேறி என்று கடிவதும், விடியுமுன் அவன் எவ்விடத்தில் அமர்ந்திருந்தான் என்று கண்டறிவதும் ஒன்றல்ல. அனாதை இல்லத்திற்கு ஆண்டிற்கு ஒருமுறை அரிசி கொண்டு செல்லும் மாணவர் இயக்கங்களைத் தொண்டு என்று எண்ணிக் கணக்கெழுதும் பள்ளிகள், தம் வகுப்பறைக் கடைசி வரிசையையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். முகூர்த்த மாதங்களை முன்னிட்டுத் தறிவேலை மிகும் நாட்களில் வருகைப் பதிவேடு எங்ஙனம் மாறுகின்றது என்பதைக் காஞ்சிப் பகுதிப் பள்ளி ஏதேனும் பத்தாண்டுகட்குத் தொகுத்து வெளியிடுமாயின், அது விழா மலர் எதனினும் எம்போன்ற ஆராய்வார்க்குப் பயன்படும்.