செய்தி நறுக்கும் பாட்டன்மாரும்

பழைய பத்திரிகைகளில் முன்னோரைத் தேடுவது இன்று ஒரு மோஸ்தராகிவிட்டது. ரோஜா முத்தையா நூலகத்திலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ பழுப்பேறிய தாளைப் புரட்டுகிறவர் திடீரெனத் தன் ஊர்ப் பெயரைப் பார்க்கிறார். கீழே ஒரு கொலை, ஒரு தீவைப்பு, ஒரு வழக்கு. 'எங்க பாட்டன்யா!' என்று ஒரு துள்ளல். எனக்கு அந்தத் துள்ளலில்தான் சந்தேகம்.

தேவதானப்பட்டிக்காரன் என்பதால் எங்கள் பக்கத்து விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். (தேனி மாவட்டம் 1996இல் வந்தது, அதுவரை நாங்கள் மதுரைக்காரர்கள்.) 1896இல் திண்டுக்கல், பெரியகுளம் வட்டாரக் கிராமங்களில் கள்ளர் காவலை எதிர்த்து ஓர் இயக்கம் கிளம்பியது. பெயர் 'பண்டு'. வெள்ளைக்காரனின் 'ஃபண்டு' ஊர்வாயில் அப்படியாயிற்று. பிற சாதிக் குடியானவர்கள் கூடிச் சத்தியம் செய்தார்கள், பணம் போட்டார்கள், கள்ளர் காவல்காரர்களை நீக்கினார்கள். களவோ தீவைப்போ நேர்ந்தால் பொதுப் பணத்திலிருந்து ஈடு. பல ஊர்களில் கள்ளர் குடும்பங்கள் வீடு வாசலை விட்டே போக வேண்டியதாயிற்று. ஒரு பெண் விவகாரமே தொடக்கம் என்றும் ஒரு கதை உண்டு. நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் இதை யார் எழுதியிருக்க முடியும்? 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் நாளிதழானதே 1899இல்தான். கிராமத்திலிருந்து பத்திரிகைக்கு எழுதுகிறவர் எழுத்தும் தபால் செலவும் கைவசமுள்ளவர். அதாவது பெரும்பாலும் நிலமுள்ளவர், வக்கீல், உத்தியோகஸ்தர். துரத்தப்பட்டவன் கடிதம் போடவில்லை. பல தமிழ்ப் பத்திரிகைகளின் பிரதிகளும் அழிந்துபோய், அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்த ரகசிய அறிக்கைகள் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. நாம் 'ஆதாரம்' என்று கொண்டாடுவது சர்க்கார் வடிகட்டிய பிரதி.

1871இல் வடக்கே பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். இது செய்தி. அதற்குப் பிறகு 1947இல் இங்கே சட்டம் ஒழியும்வரை 27 வருஷம், ஆம்பளைகள் ராத்திரி ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்தார்கள். பக்கத்து ஊருக்குப் போகவே ராதாரிச் சீட்டு வாங்கினார்கள். அது செய்தியில்லை. எங்கள் பக்கத்துக் கிழவிமார் சொல்வது இதைத்தான்: 'கல்யாண ராத்திரிகூட மாப்பிள்ள ஸ்டேஷன்லதான் படுத்தாரு.' எந்தப் பத்திரிகையின் எந்தப் பத்தியில் இதைத் தேடுவீர்கள்? துப்பாக்கி வெடித்த ஒரு நாளைக் காட்டி, வெடிக்காத பத்தாயிரம் ராத்திரிகளை மறைத்துவிடுவதும் பத்திரிகை எழுத்தின் வேலைதான்.

தலித்துகளின் பாடு இதிலும் வேறு. காவல்காரனாகவும் இல்லை, பண்டுக்காரனாகவும் இல்லை. செய்தியில் வந்தால் 'ஒரு கூலியாள்'. ஆகவேதான் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' நடத்தியதும், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியதும் சாதாரண விஷயங்களல்ல. அங்கே பாட்டன் எழுதப்படுகிறவன் இல்லை, எழுதுகிறவன். அதிலே கொலை, கொள்ளை கிடைக்காது. கிணறு, நிலம், பள்ளிக்கூடம், மனு என்று ஓடும். நாடகம் தேடுகிறவருக்கு அலுப்புத் தட்டலாம், தட்டட்டும்.

சாதிச் சங்கங்கள் இப்போது செய்தி நறுக்குகளைப் பிளெக்ஸில் போடுகின்றன. சுடப்பட்ட பாட்டன் வருவார். ஊரைவிட்டு ஒரு குடும்பத்தைத் துரத்திய பாட்டனை எவன் பிளெக்ஸில் போடுவான்? அவரும் பாட்டன்தானே. ஆனந்த் பாண்டியன் 2005இல் பண்டு பற்றி விரிவாக எழுதிய பிறகு, தெரியாது என்று நாம் சொல்லவும் முடியாது. என் கொள்ளுத்தாத்தன் துரத்தப்பட்டவர்களில் ஒருவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். பண்டுக்குப் பணம் போட்டாரா?

பெரியப்பாவிடம் ஒருதரம் கேட்டேன். 'அதெல்லாம் எதுக்குப்பா இப்ப' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.