ஷூபர்ட்டின் ‘குட்டெ நாக்ட்’ பாடலில் காலநடை, சுருதி, உணர்வுநிலை

ஆய்வுச் சுருக்கம்

பிரான்ஸ் ஷூபர்ட் 1827ஆம் ஆண்டு இசையமைத்த ‘விண்டரைஸ’ (பனிக்காலப் பயணம்) என்னும் பாடல் தொடரின் முதற்பாடல் ‘குட்டெ நாக்ட்’ (நல்லிரவு). இப்பாடலின் துயரம் அது அமைந்துள்ள சுருதியின் இயல்பால் விளைவதன்று. சுருதிக்குள் நிகழும் சுர மாற்றமும், அம்மாற்றத்தின்போதும் மாறாத காலநடையும் இணைந்தே அதனைத் தோற்றுவிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஷூபர்ட், கலைப்பாடல், காலநடை, சுருதி, மேஜர், மைனர்

முன்னுரை

‘லீட்’ எனப்படும் ஜெர்மானியக் கலைப்பாடல், ஒரு கவிதையைக் குரலும் பியானோவும் பங்கிட்டு இசைப்படுத்தும் வடிவமாகும். வில்ஹெல்ம் மியூலரின் 24 கவிதைகளுக்கு ஷூபர்ட் அமைத்த இசையே ‘விண்டரைஸ’. காதல் கைகூடாத ஒருவன் பனி மூடிய இரவில் ஊரைவிட்டு வெளியேறுவதை முதற்பாடல் சொல்கிறது. டி மைனரில் அமைந்த இப்பாடல், மிதமான நடையில் இரண்டு எண்ணிக்கைத் தாளத்தில் செல்கிறது. ‘மைனராதலால் சோகம்’ என்று இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம் போதுமானதா என்பதே இங்கு எழும் வினா.

சுருதியின் பெயரும் உணர்வும்

ஒவ்வொரு சுருதிக்கும் தனித்த உணர்வு உண்டு என்னும் கொள்கை ஷூபர்ட்டின் காலத்தில் வழங்கியது. கிறிஸ்டியன் ஷூபார்ட் என்பவர் எழுதி 1806இல் வியன்னாவில் வெளியான இசை அழகியல் நூல், டி மைனரை மனச்சோர்வுக்கு உரியதாக வகுத்தது. ‘குட்டெ நாக்ட்’ இதற்குப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆயினும் தொடர் முழுவதையும் நோக்கினால் இக்கொள்கை நிலைபெறுவதில்லை. ஷூபர்ட்டின் கைப்படியில் உள்ள ஐந்து பாடல்கள் அச்சில் கீழ்ச் சுருதிக்கு இறக்கப்பட்டன. இறுதிப்பாடலான ‘டெர் லையர்மன்’ பி மைனரிலிருந்து ஏ மைனருக்குச் சென்றது. பாரிடோன் குரலினரும் ‘குட்டெ நாக்ட்’ பாடலைச் சுருதி இறக்கியே பாடி வருகின்றனர். அதனால் பாடலின் உணர்வு அழிந்துவிடுவதில்லை.

எனவே மேலையிசையின் ‘கீ’ என்னும் கருத்தில் அடங்கிய இரண்டு கூறுகளைப் பிரித்து நோக்க வேண்டும். ஒன்று ஆதார சுருதி. மற்றொன்று அதன்மேல் அமையும் சுரவரிசை. முன்னது மாறினும் பாடல் நிலைக்கும். பின்னது மாறினால் பொருள் மாறும்.

ஆதார சுருதிக்கு முக்கியத்துவமே இல்லை என்பது இதன் பொருளன்று. ஆனால் அது பெயரால் அன்றி உறவால் பொருள் பெறுகிறது. 1823இல் மியூலர் வெளியிட்ட 12 கவிதைகளே ஷூபர்ட்டுக்கு முதலில் கிடைத்தன. அவற்றுள் பன்னிரண்டாவதான ‘ஐன்ஸம்கைட்’ (தனிமை) கைப்படியில் டி மைனரில் உள்ளது. அவ்வமைப்பில் தொடர், தொடங்கிய சுருதியிலேயே முடிந்து வட்டமாகிறது. எஞ்சிய 12 கவிதைகளும் சேர்ந்து தொடர் நீண்டபின், அப்பாடல் அச்சில் பி மைனருக்கு இறக்கப்பட்டது. வட்டம் உடைந்து, பயணம் முடிவற்றதாகிறது.

மேஜருக்கு மாறும் இறுதிச் செய்யுள்

பாடலின் நான்கு செய்யுள்களுள் முதலிரண்டும் ஒரே இசையைக் கொண்டவை. மூன்றாவது சிறிது வேறுபடுகிறது. முதற்செய்யுளில் அவள் காதலைப் பேசியதை நினைவுகூரும் இடத்தில் இசை எஃப் மேஜருக்குச் செல்கிறது. இதனால் மேஜர் என்பது இழந்த இன்பத்தின் குறி எனக் கொள்ளத் தோன்றும். ஆனால் இரண்டாம் செய்யுளில் அதே இசை, நிலவு தரும் நிழலைத் துணையாகக் கொண்டு செல்லும் தனிமைக்கு அமைகிறது. ஆகவே மேஜரைத் தன்னளவில் மகிழ்ச்சியின் அடையாளமாகக் கொள்ள இயலாது.

நான்காம் செய்யுளில் ஆதார சுருதி டி ஆகவே நிற்க, சுரவரிசை மேஜர் ஆகிறது. குரலின் முதற்சுரமான எஃப் அரைச்சுரம் உயர்ந்து எஃப் ஷார்ப் ஆகிறது. நம் மரபின் சொற்களில், சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது. மெட்டின் வடிவம் பெரிதும் அதுவே; ஓசை மிக மென்மையாகிறது. அவளுடைய உறக்கம் கலையாதபடி கதவை மெல்ல மூடிச் செல்வதைக் கவிதை சொல்லும் இடம் இது. மேஜர் இங்கு ஆறுதல் தரவில்லை. போகிறவன் தன் துயரை அடக்கிக்கொண்டு காட்டும் கனிவையே ஒலிக்கிறது. இறுதி அடி திரும்பப் பாடப்படுகையில் சுரவரிசை மீண்டும் மைனராகிறது. அடக்கியது வெளிப்பட அந்த ஒரு சுரமே போதுமானதாகிறது.

மாறாத நடை

இவ்வளவும் நிகழும்போது பியானோவின் எட்டாம் பகுதிச் சுரங்கள் நடையாக ஓயாமல் ஒலிக்கின்றன. ‘மிதமாக’ என்பதோடு ‘நடக்கும் இயக்கத்தில்’ என்ற தொடரையும் ஷூபர்ட் கைப்படியில் எழுதியிருந்தார். அச்சில் ‘மிதமாக’ என்பது மட்டுமே எஞ்சியது. அச்சை மட்டும் நோக்கும் கலைஞர்க்கு அது வேகக் குறிப்பு. கைப்படியை நோக்குவார்க்கு அது பாத்திரத்தின் செயல். பீட்டர் ஷ்ரையரும் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டரும் செய்த பதிவு மிகமெதுவான நடைக்குப் பெயர்பெற்றது. அதில் கால்கள் கனக்கின்றன, ஆயினும் நிற்கவில்லை. ஆகவே வேகத்தின் அளவைவிட அதன் இடையறாமையே முதன்மையானது.

மேஜர் பகுதிக்கு வந்ததும் நடையைத் தளர்த்தி உருக்கம் கூட்டும் பாடுமுறை இவ்வடிப்படையில் ஏற்புடையதன்று. நடை தளர்ந்தால் அவன் வாயிலில் நின்றுவிட்டான் என்றாகும். கவிதையிலோ அவன் கடந்து செல்லும்போதே வாயிலில் எழுதிச் செல்கிறான். கனிந்த சுரமும் கனியாத நடையும் முரண்படுவதிலேதான் இப்பகுதியின் துயரம் உள்ளது.

முடிவுரை

‘குட்டெ நாக்ட்’ பாடலின் உணர்வுநிலையை டி மைனர் என்னும் பெயரோ, மிதம் என்னும் வேகமோ தனித்து விளக்கவில்லை. காலநடை மாறாதிருப்பதால் சுரமாற்றம் கேட்பவர்க்குத் துலங்குகிறது. சுரம் மாறுவதால் மாறாத நடை கொடியதாகிறது. கலைப்பாடல் ஆய்வில் சுருதி, காலநடை ஆகியவற்றைத் தனித்தனிப் பட்டியலாகக் குறிப்பதைவிட, ஒன்று மாறும் இடத்தில் மற்றொன்று என்ன செய்கிறது என்று நோக்குவதே பயன்தரும்.