மழை பாடியவரும் மழை வேண்டியவரும்

2017ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மாலை, திருச்சியிலிருந்து திருவரங்கத்துக்குக் காவிரிப் பாலத்தின் வழியே நடந்து சென்றோம். பாலத்தின் கீழே ஆறு இல்லை; மணல் இருந்தது. அந்த மணலில் சிறுவர்கள் குச்சிகளை நட்டுப் பந்தாடிக்கொண்டிருந்தனர். திருவரங்கத்தில் நமக்கு நெடுநாளைய நண்பர் ஒருவர் உண்டு. கம்பனில் தோய்ந்த தமிழாசிரியர். நம் கையிலிருந்த சீறாப்புராணத்தைக் கண்டதும் அவர் நகைத்து, "மௌலவி! உங்கள் உமறுப்புலவர் அரபு நாட்டுப் பாலையில் ஆற்றைப் பெருக்கெடுத்து ஓட விட்டாரே. அவரைச் சற்று இங்கேயும் அழைத்து வரக் கூடாதா?" என்றார்.

நாமும் நகைத்தோம். ஆயினும் இருட்டிய பின் அதே பாலத்தின் வழியே திரும்புகையில் அந்த நகைப்பு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்று அவருக்கு நாம் சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

நண்பர் சொன்னது புதிய குற்றச்சாட்டன்று. சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில், கடவுள் வாழ்த்துப் படலத்தை அடுத்து நாட்டுப் படலம் அமைந்துள்ளது. அங்கே மேகம் கடலில் நீர் முகக்கிறது, மலையில் பொழிகிறது, வெள்ளம் இறங்கி வந்து வயல்களில் பாய்கிறது, உழவும் நடவும் அறுவடையும் நடைபெறுகின்றன. "இஃது அரபு நாடா, சோழ நாடா?" என்று வினவுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். 1973இல் இதே திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. அதன் பின் நம் இலக்கியங்களைப் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ளன. ஆயினும் இவ்வினாவுக்கு நம்மவர் பெரும்பாலும் கூறும் விடை ஒன்றே: "அது காப்பிய மரபு." இவ்விடை தவறன்று, ஆனால் போதாது. மரபு என்பது ஒரு புலவன் எதைப் பாடினான் என்பதற்குக் காரணம் கூறும். அவன் அதை எந்த ஏக்கத்தோடு பாடினான் என்பதைக் கூறாது.

ஆற்றங்கரையில் பிறந்த கவிதையை முதலில் நோக்குவோம். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், கோள்நிலை பிறழ்ந்து வானம் வறண்ட காலத்திலும் காவிரி வறளாது என்னும் கருத்தோடு தம் பாட்டைத் தொடங்குகிறார். இது வெறும் புகழ்ச்சியன்று. நில இயல்பை அறிந்தவர் கூற்று. காவிரி பிறப்பது குடகில். அங்கே பெய்வது தென்மேற்குப் பருவமழை. நம் சமவெளிக்கு உரியதோ வடகிழக்குப் பருவமழை. நம் வானம் வெறுமையாய்க் காயும் ஆடியில்தான் குடகின் மழை ஆறாக நம் வாசலுக்கு வரும். தன் ஊரில் துளி மழையும் இன்றிப் புதுவெள்ளம் காணும் பேறு பெற்றவர்கள் காவிரிக் கரையினர். அவ்வியப்பையே புலவர் பாட்டாக்கினார்.

அந்தப் பெருமிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை, அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள்தான் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர் இறங்கிய நாட்களில், பண்ணவாடியில் மூழ்கிக் கிடந்த பழைய கோயிலின் நந்தியும் கிறித்தவத் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டின. காவிரிப் படுகையில் காலையில் நாளேடு பிரிப்போர் பலருடைய கண்கள் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டத்தையே. அதைப் பார்ப்பவர் நெற்றியில் என்ன சமயக் குறி இருக்கிறது என்று அந்த எண் கேட்பதில்லை.

இனி உமறுப்புலவரிடம் வருவோம். அவர் வாழ்ந்த ஊர் எது? எட்டயபுரம். அது காவிரிக் கரையன்று, கரிசல் நிலம். குடகின் மழையைச் சுமந்து வரும் ஆறு அங்கே இல்லை. தன் வானம் பொய்த்தால் தன் கண்மாய் வறண்டுபோகும் பூமி அது. அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் கீழக்கரையோ உப்பு நீர் சூழ்ந்த கடற்கரை. இந்த நிலத்திலிருந்து எழுதிய புலவர் மேகத்தையும் வெள்ளத்தையும் பாடல் பாடலாகப் பாடுகிறார் என்றால், அதை அறியாமை என்பதா? அணிக்காகச் செய்த மிகை என்பதா? நாம் அதனைத் தாகம் என்கிறோம். நாயகம் பிறக்கப் போகும் நாட்டுக்குத் தன்னிடம் இருப்பவற்றுள் சிறந்ததைக் காணிக்கையாக்க எண்ணினார் புலவர். கரிசல் மனிதனுக்கு மழையினும் சிறந்தது எது? கரையில் இருந்தவர் ஆற்றைக் கண்டு பாடினார். காணாதவர் அதனை வேண்டிப் பாடினார். நீர் குறையாத ஆண்டுகளில் நாம் நாட்டுப் படலத்தை அலங்காரம் என்று எண்ணிப் புரட்டிச் சென்றோம். வெறும் மணலைக் கண்ட ஆண்டில்தான் அது ஒரு துஆ என்பது நமக்கு விளங்கியது.

உமறுப்புலவர் அத்தோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரத்துக் காண்டத்தில் மழையழைப்பித்த படலம் என ஒன்றைப் பாடியுள்ளார். நாட்டுப் படலத்தைக் குறைகூறுவோர் இப்படலத்தை அதனோடு சேர்த்துப் படிப்பதில்லை. முன்னது நிறைந்த நாட்டின் ஓவியம். பின்னது வறண்ட நாட்டின் வேண்டுதல். முன்னதன் பொருள் பின்னதில் முழுமை பெறுகிறது.

நாயகம் மழை வேண்டிய நிகழ்ச்சியை இமாம் புகாரீ அவர்கள் தம் நூலின் இஸ்திஸ்கா பகுதியில் பதிவு செய்துள்ளார்கள். ஜும்ஆ நாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கையில் ஒருவர் வந்து, கால்நடைகள் மடிகின்றன என முறையிடுகிறார். நாயகம் கைகளை ஏந்துகிறார்கள். தெளிந்த வானில், சல்உ குன்றின் பின்னிருந்து கேடயம் போன்றதொரு மேகம் எழுகிறது. ஒரு வாரம் சூரியனைக் காணவில்லை. மறு ஜும்ஆவில் மீண்டும் ஒருவர் வந்து, மழையால் உடைமைகள் அழிகின்றன என்கிறார். அப்போது நாயகம் மழையே வேண்டாம் என்று இறைஞ்சவில்லை. எம் மீதன்றி எம்மைச் சுற்றிலும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்களின் வேர்களிலும் பெய்க என்றே இறைஞ்சினார்கள். முதல் ஜும்ஆவின் துஆ மழைக்கு. இரண்டாவதோ அளவுக்கும் இடத்துக்கும்.

அரபு மொழி இவ்வேறுபாட்டைச் சொல்லிலேயே காக்கிறது. திருக்குர்ஆனில் 'மதர்' என்னும் சொல் பெரும்பாலும் தண்டனையாக இறங்குவதைக் குறிக்கும். பயன் தரும் மழைக்கு வழங்குவது 'கைஸ்'. அது, துயர் துடைக்கும் உதவியைக் குறிக்கும் 'கவ்ஸ்' என்னும் சொல்லுக்கு ஒலியாலும் பொருளாலும் அண்மையது. மேலும் 23ஆம் அத்தியாயத்தின் 18ஆம் வசனம், வானின் நீர் ஓர் அளவோடு இறக்கப்படுவதையும், அது நிலத்தில் தங்க வைக்கப்படுவதையும் சேர்த்தே கூறுகிறது. பெய்வது மட்டும் அருளன்று, தங்குவதும் அருளே.

இனி, மழைக் கவிதையை எந்த அளவுகோலால் அளப்பது? வறட்சி வந்தால் நம் இதழ்களுக்கும் மழைப் பாடல்கள் வந்து குவிகின்றன. ஓசையும் உவமையும் அவற்றில் குறைவதில்லை. அவற்றை அளக்க நம்மிடம் யாப்பிலக்கணத்தினும் கண்டிப்பான ஓர் இலக்கணம் இருக்கிறது; அது மழைத் தொழுகையின் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜ் நூலில் இமாம் நவவீ அவர்கள் அதன் முறையை வகுத்துள்ளார்கள். தலைவர் மக்களை முதலில் மூன்று நாள் நோன்பிருக்கச் சொல்ல வேண்டும். தவ்பாச் செய்யவும் பிறருக்கு இழைத்த அநீதிகளிலிருந்து விலகவும் பணிக்க வேண்டும். நான்காம் நாள் எளிய உடையில் திடலுக்குச் செல்ல வேண்டும். ஹனஃபீ மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா அவர்களோ இதன் உயிர்நிலை துஆவும் பாவமன்னிப்புத் தேடலுமே என்கிறார்கள். முறையில் வேறுபட்டாலும் இருவரும் மழை கேட்பவனை முதலில் கணக்குப் பார்க்கச் சொல்கின்றனர். ஹிஜ்ரீ 18ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தில் கலீபா உமர் (ரலி) அவர்கள், நாயகத்தின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழை வேண்டினார்கள். மக்களுக்குக் கிடைக்காத நெய்யைத் தம் உணவிலிருந்தும் விலக்கி வைத்தார்கள் என வரலாறு கூறும்.

இந்த அளவுகோலை நாம் முதன்முதலாகக் கையில் எடுத்தது ஒரு மாணவர் முன்னிலையில். அந்த 2017ஆம் ஆண்டிலேயே அவர் ஒரு மழைக் கவிதையைக் கொண்டுவந்தார். மேகத்தின் மீது ஊடல், அண்டை மாநிலத்தின் மீது சினம், ஆட்சியாளர் மீது வசை என அனைத்தும் அதில் இருந்தன. படித்துவிட்டு, "தம்பி! இதில் நீர் எங்கே?" என்று வினவினோம். "நீர்தான் எங்கும் இல்லையே, ஹஜ்ரத்! அதைத்தானே பாடியிருக்கிறேன்" என்றார். "அந்த நீரைக் கேட்கவில்லை, பாடிய நீர் எங்கே என்று கேட்கிறோம்" என்றோம். மாணவர் தலைகுனிந்து சென்றார்.

ஒரு வாரம் கழித்து வேறொரு கவிதையுடன் வந்தார். அதில் ஒரு தாய் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். அவள் மகன் குழாயை மூட மறந்து போகிறான். அடுத்த காட்சியில் பள்ளிவாசல் ஹவ்ளின் ஓரம் ஒரு முதியவர் ஒளுச் செய்கிறார். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை விரயம் செய்யலாகாது என்னும் நபிமொழியை அருகிலிருப்பவருக்கு அவர் எடுத்துரைக்கிறார். அவர் முன்னிருக்கும் குழாயோ முழுவதும் திறந்தபடி கொட்டுகிறது. அந்த முதியவர் யார் என்று நாம் மாணவரிடம் கேட்கவில்லை. அந்த ஹதீதை அன்று காலை உரைத்தது நமக்கு நினைவிருந்தது. குழாயைப் பற்றிய நினைவுதான் இல்லை. யாப்பில் இரண்டிடம் தளை தட்டியது. திருத்திக் கொடுத்தோம். வேறு திருத்தம் சொல்ல நமக்குத் தகுதி இருக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படும்: "காவிரி வறள்வது குழாயாலா? அது மேலணைகளும் நீதிமன்றமும் தீர்க்க வேண்டிய வழக்கன்றோ?" உண்மையே. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது. அந்தப் பங்கைக் கேட்பது நம் உரிமை. கேட்காதிருப்பது உழவனுக்குச் செய்யும் அநீதி. 2023இல் ஜூன் 12 அன்று திறந்த அணையை, நீரின்றி அக்டோபர் 10ஆம் நாளே மூட நேர்ந்ததை மறந்துவிட முடியாது. ஆயினும் பிறர் தர வேண்டிய கணக்கை உரக்கப் படிக்கும் நாம், நம் கணக்கை மெதுவாகவேனும் படிக்க வேண்டாமா? ஆற்று மணலை அள்ளி மாடிகளாக்கியவர்கள் குடகினர் அல்லர். ஏரியை மேடாக்கி மனை பிரித்தவர்களும் அவர்கள் அல்லர்.

2018இல் அந்தக் கணக்கு நம் கண்முன்னே விரிக்கப்பட்டது. முந்தைய ஆண்டு வறண்ட மேட்டூர் அவ்வாண்டு ஜூலையில் நிரம்பியது. ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து வெள்ளத்தில் சென்றன. ஓராண்டு முன்பு ஒரு குடத்துக்கு ஏங்கிய நாம், கடலுக்குச் செல்லும் நீரைக் கரையில் நின்று பார்த்தோம். நாயகத்தின் இரண்டாவது துஆவின் பொருள் அன்று திருச்சியில் விளங்கியது. முதல் ஜும்ஆவுக்கு நம்மிடம் ஆயிரம் கவிதைகள் உண்டு. இரண்டாவது ஜும்ஆவுக்கு எத்தனை உண்டு? தேக்குவதையும், பங்கிடுவதையும், அளவறிந்து செலவிடுவதையும் பாடும் கவிதை நம்மிடையே இன்னும் வளரவில்லை. இதுவே நம் புலவர் பெருமக்கள் முன் நாம் பணிவோடு வைக்கும் குறை.

அதற்குப் பொருள் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உமறுப்புலவரின் வள்ளல் வாழ்ந்த இராமநாதபுரம் சீமைக்கு, இன்று திருச்சியை அடுத்த காவிரிப் படுகையிலிருந்து குழாய் வழியே குடிநீர் செல்கிறது. புலவர் பாட்டில் வேண்டிய ஆறு, முந்நூறு ஆண்டுகள் கழித்து அந்த உப்பு மண்ணின் பானைக்குள் புகுந்திருக்கிறது. திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில், நீரில்லாத ஆடிப் பதினெட்டில் ஆழ்குழாய் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பும் தாயும், இராமநாதபுரத்துக் கடற்கரையில் குடத்தோடு காத்திருக்கும் தாயும் ஒரே மணலடி ஊற்றுக்கு உரியவர்கள். இதைப் பாட ஓர் உமறு வேண்டும்.

2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த மேட்டூர் நீர்மட்டம், அம்மாதம் 30ஆம் நாள் 120 அடியைத் தொட்டது. அன்று மாலை திருவரங்கத்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "மௌலவி! உங்கள் உமறு வந்துவிட்டார்" என்றார். "வந்தவரைத் தங்க வைக்க நம்மிடம் இடம் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டோம். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "நாளை வாருங்கள், அந்தப் படலத்தைச் சேர்ந்து படிப்போம்" என்றார்.

படித்தோம். இரண்டு படலங்களையும் சேர்த்தே படித்தோம். வல்ல இறைவன் நமக்கு மழையையும், அம்மழையைக் காக்கும் அறிவையும் ஒருங்கே அருள்வானாக.