சாட்சியும் புனைவும்: கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸின் காணொளி நிறுவல்களும் வன்னி நிலமும்

ஓவியத்தை நாம் எதிரே நின்று நோக்குகின்றோம். சிற்பத்தைச் சுற்றிவந்து நோக்குகின்றோம். நிறுவல் எனப்படும் கலைவடிவத்தினுள்ளேயோ நாம் புகுந்துவிடுகின்றோம். அறை, திரை, ஒலி, ஒளி, இருக்கை, அங்கு வந்து நிற்கும் பார்வையாளர் ஆகிய யாவும் அதன் உறுப்புகளாகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் மேலைத்தேயத்தில் வளர்ச்சிபெற்ற இவ்வடிவம், காணொளியும் கணினியும் வந்து சேர்ந்தபின் பார்வையாளரின் பங்கேற்பை மேலும் வற்புறுத்தலாயிற்று. பங்கேற்பு என்பது முற்போக்காளர்க்கு உவப்பான சொல். ஆயின் யார் பங்கேற்கின்றனர், எதில் பங்கேற்கின்றனர், யாருடைய வாழ்வு அங்கு பொருளாக்கப்படுகின்றது என்னும் வினாக்களை எழுப்பாது அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது திறனாய்வு ஆகாது.

இவ்வினாக்களை முன்வைத்து, கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ் என்னும் கலைஞரின் ஆக்கங்களை இக்கட்டுரையில் நோக்க விழைகின்றோம். 1979 இல் பிறந்து இலண்டனில் வளர்ந்த இவர் ஈழத்தமிழ்க் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். அன்னிகா கூல்மனுடன் இணைந்து பல ஆக்கங்களை உருவாக்கியவர். அவை பேர்லினிலும் இலண்டனிலும் பிரசெல்சிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. எனினும் அவற்றுள் மீண்டும் மீண்டும் தோன்றும் நிலம் வன்னியே. கிளிநொச்சியை மையமாகக் கொண்டு இயங்கிய நடைமுறை அரசும், 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கடற்கரையில் அதற்கு நேர்ந்த முடிவும் இவருடைய கலைவாழ்வின் மூலப்பொருள்கள். ஆகவே வன்னியிலிருந்து இவரை மதிப்பிடும் உரிமை எமக்குண்டு, அது கடமையுமாகும்.

முதற்கண் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். போருக்குப் பிந்திய வன்னியில் நிறுவல்களை முதலில் எழுப்பியது அரசே. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி படையினரிடம் வீழ்ந்தது. பின்னர் அந்நகரில், எறிகணை துளைத்த சீமெந்துப் பாளத்தின்மேல் தாமரை மலர்வதாக ஒரு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது. தகர்க்கப்பட்டு வீழ்ந்துகிடந்த பெரிய நீர்த்தாங்கி, தெற்கிலிருந்து வரும் பயணிகளுக்குரிய காட்சிப்பொருளாயிற்று. புதுக்குடியிருப்பில் வெற்றிச்சின்னம் எழுந்தது. இவையும் பார்வையாளரை உள்ளே அழைத்து, அவர்க்கு ஒரு வரலாற்றைக் கற்பிக்கும் நிறுவல்களே. அவற்றிலே பார்வையாளர் இருந்தனர். அந்நிலத்து மக்களுக்கு மட்டும் இடமிருக்கவில்லை. மக்களோ தமது இடத்தைத் தெருவோரத்தில் அமைத்துக்கொண்டனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கொட்டகை அமைத்துத் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கொட்டகையின் சுவரெங்கும் பிள்ளைகளின் ஒளிப்படங்கள் தொங்கின. அவற்றைக் கலையென்று எவரும் அழைக்கவில்லை. எனினும் ஓர் ஒளிப்படம் வன்னியில் என்ன பொருள் தருகின்றது என்பதை அக்கொட்டகைகளே எமக்கு உணர்த்தின. "இவர் இருந்தார்" என்பதற்கான சாட்சியம் அது. சில குடும்பங்களுக்கு எஞ்சியிருந்ததும் அது ஒன்றே.

இப்பின்னணியிலேயே குலேந்திரன் தோமஸின் ஆக்கங்களை அணுகவேண்டும். 2013 அளவில் அவர் தொடங்கிய தொடர்வரிசையின் பெயர், 1969 இல் பேர்ன் நகரில் நடைபெற்ற புகழ்பெற்ற கண்காட்சியொன்றின் பெயரைச் சிறிது திரித்து அமைக்கப்பட்டது. 'தேய்ந்த வாசகங்கள் வடிவம் பெறும்போது' என அதனைத் தமிழிற் கூறலாம். கொழும்புக் கலைக்கூடங்களில் விற்பனைக்கிருந்த சமகால இலங்கைக் கலைஞரின் படைப்புகளை விலைக்கு வாங்கி, மேலைத்தேயச் சந்தைக்கு ஏற்றவாறு வேறொரு கட்டமைப்பினுட் பொருத்தி, தம் படைப்பாக அவர் காட்சிப்படுத்தினார். இதனைச் சுரண்டல் என எளிதிற் கூறிவிடலாம். ஆயின் அவர் வெளிப்படுத்த முனைந்தது அச்சுரண்டலின் பொறிமுறையையே. 2009 இன் பின்னர் கொழும்பிற் கலைச்சந்தை துரிதமாக வளர்ந்தது; கொழும்புக் கலை ஈராண்டு விழாவும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. வடக்கிலே நிகழ்ந்த அழிவும் தெற்கிலே ஏற்பட்ட இம்மலர்ச்சியும் தம்முட் தொடர்பற்றவையா என்னும் வினாவை அவர் எழுப்பினார். அவ்வினா செம்மையானது. ஆனால் அதனை எழுப்பியவர் பெற்ற பெயரும் அதே சந்தையினூடாகவே வந்தது என்பதையும் மறத்தலாகாது. பொறிமுறையைக் காட்டிக்கொடுப்பவரும் அதன் பயனைத் துய்ப்பவரும் ஒருவரே ஆகின்றார். இம்முரண்பாடு அவரது கலைவாழ்வு முழுவதிலும் தொடர்கின்றது.

2016 இல் பேர்லின் ஈராண்டு விழாவில் 'நியூ ஈழம்' காட்சிக்கு வந்தது. கலைக்கூடத்துக்குட் செல்பவர் ஒரு நவீன வீட்டின் வரவேற்பறையை ஒத்த இடத்திற் புகுவார். அங்கு அமர்ந்து, நிறுவனமொன்றின் விளம்பரத்தை ஒத்த படத்தைக் காண்பார். அப்படம் ஈழத்தின் வரலாற்றைக் கூறிப் பின் ஒரு திட்டத்தை முன்வைக்கும். நிலத்தாற் கட்டுண்ட தேசம் தோற்றது. இனி உலகெங்கும் பரந்த வீடுகளைச் சந்தா முறையிற் கூட்டாகப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சமூகத்தை ஏன் அமைக்கலாகாது என்பதே அதன் சாரம். தனியுடைமையைக் கடக்கும் கனவு என்னும் வகையில் இஃது எம்மைக் கவர்கின்றது. புலம்பெயர் வாழ்வின் உண்மையொன்றும் இதிலுண்டு. நாடுகள் பலவற்றிற் சிதறியுள்ள ஒரு மக்கட்கூட்டத்தினர், வரைபடத்தால் மட்டும் தம்மை வரையறுத்துக்கொள்ள இயலாது.

எனினும் அதே காலத்தில் வன்னியில் நிகழ்ந்ததை இதனருகே வைத்து நோக்குவோம். 2017 ஜனவரி 31 இல் முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவில், பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் முன் அமர்ந்தனர். பெண்களும் சிறுவர்களும் இரவுபகலாகத் தெருவிற் கிடந்தனர். ஒரு மாதப் போராட்டத்தின் பின்னரே அவர்களது காணிகள் விடுவிக்கப்பட்டன. அவர்கள் வேண்டியது சந்தா முறையிற் கிடைக்கும் வீடு அன்று. தாம் கிணறு வெட்டிய, தென்னை நட்ட, முன்னோரைப் புதைத்த குறித்த நிலத்தையே. நிலத்திலிருந்து விடுபடுதல் பேர்லினில் விடுதலையாகத் தோன்றலாம். கேப்பாப்பிலவில் அது இழப்பின் மறுபெயர். உடைமையைத் துறத்தலும் உடைமை பறிக்கப்படுதலும் ஒன்றல்ல என்னும் வர்க்க வேறுபாட்டை 'நியூ ஈழம்' போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்பதே எமது மதிப்பீடு.

இன்னொன்றையும் கூறவேண்டும். வன்னியின் நடைமுறை அரசு நீதிமன்றம், காவற்றுறை, வைப்பகம் முதலியவற்றைக் கொண்டிருந்தது. தற்சார்பும் கூட்டு முயற்சியும் அங்கு பேசப்பட்டன. அதே அரசில் கட்டாய ஆட்சேர்ப்பும் நிகழ்ந்தது. சிறுவரும் அதற்கு இரையாயினர். மாற்றுக் கருத்துக்கு இடமிருக்கவில்லை. 1990 இல் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவின் முஸ்லிம்களும் தம் ஊர்களை இழந்தனர். வருங்காலச் சமூகத்துக்கு முன்மாதிரியாக அவ்வரசை எடுத்தாள விழையும் எக்கலையும் இக்கணக்கைத் தீர்த்தாக வேண்டும். அழிக்கப்பட்டமையால் மட்டும் ஒரு கனவு குற்றமற்றதாகிவிடாது.

2019 இல் பேர்லினிற் காட்டப்பட்ட 'பீயிங் ஹியூமன்' அவரது வளர்ச்சியில் ஒரு திருப்பம். மனிதராயிருத்தல் என்பது அதன் பொருள். போருக்குப் பிந்திய இலங்கையின் கலையுலகையும் மனித உரிமை என்னும் கருத்தாக்கத்தையும் இக்காணொளி ஒருசேர விசாரிக்கின்றது. பாடகி டெய்லர் சுவிஃப்ட், ஓவியர் ஒஸ்கார் முறிலோ ஆகியோரின் கணினி புனைந்த உருவங்கள் அதில் உண்மை மனிதர்போலத் தோன்றிப் பேசுகின்றன. படம் விழும் திரை இடையிடையே ஊடுருவித் தெரிய, அதன் பின்னாலுள்ள கலைப்பொருட்கள் புலப்படுகின்றன. 2022 இல் பேர்லினிலும் இலண்டனிலும் காட்டப்பட்ட 'தி ஃபினெஸ்' இம்முறையை மேலும் முன்னெடுத்தது. தமிழர் விடுதலை இயக்கம் பற்றிய ஆவணத் துண்டுகளும், செயற்கை நுண்ணறிவு புனைந்த உருவங்களும் அதில் வேறுபிரித்தறிய இயலாதவாறு கலந்து நிற்கின்றன. எது ஆவணம், எது புனைவு என்பதைப் பார்வையாளர் தாமே தேரவேண்டியுள்ளது. அவரது பங்கேற்பு இங்கு அமர்ந்து பார்ப்பதோடு நில்லாது ஐயுறுவதாகவும் அமைகின்றது.

இவ்விடத்திலேயே எமது மையமான மறுப்பை முன்வைக்க வேண்டியவராகின்றோம். கைகள் கட்டப்பட்டோர் சுட்டுக் கொல்லப்படுவதைக் காட்டும் காணொளியொன்றைப் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்ற்றில் ஒளிபரப்பியது. அது போலியானது என இலங்கை அரசு கூறியது. ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், சுயாதீன நிபுணர்களைக்கொண்டு அதனை ஆராய்வித்து, அது உண்மையானதென்பதையே ஆய்வு வலுவாகச் சுட்டுகின்றது என 2010 ஜனவரியில் அறிவித்தார். அதாவது, எந்தப் படத்தையும் நம்பவியலாது என்னும் வாதம் வன்னி மக்களுக்கு எதிராக ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட வாதம். கணினி அவ்வாதத்தை எளிதாக்குவதற்கு முன்னரே அது வழக்கிலிருந்தது. யதார்த்தம் என்பதே கட்டமைக்கப்பட்டது என்று கலைக்கூடத்தில் உரைப்பது மேலைத்தேயப் பார்வையாளருக்குச் சிந்தனைப் பயிற்சியாகலாம். கொட்டகையில் மகனின் படத்தோடு அமர்ந்த தாய்க்கு அதே கூற்று எதிரியின் வாய்மொழியாக ஒலிக்கும். கலைஞரின் நோக்கம் இதுவென நாம் கூறவில்லை. வடிவத்துக்கு நோக்கத்தைக் கடந்த விளைவுண்டு என்றே கூறுகின்றோம்.

இதற்குக் கலைஞர் தரப்பிலிருந்து வரக்கூடிய விடையும் வலுவற்றதன்று. வல்லரசுகளின் ஊடகங்களும் இவ்வாறே யதார்த்தத்தைப் புனைகின்றன. அப்பொறியின் உட்பாகங்களைத் திறந்துகாட்டினாலன்றி மக்கள் அதற்கு அடிமைகளாகவே இருப்பர். 2024 இல் பிரசெல்ஸ் நகரின் வீல்ஸ் கலைமையத்தில் தொடங்கிய 'சேஃப் சோன்' கண்காட்சியில் இவ்விடை தெளிவான உருவம் பெற்றது. தலைப்பே 2009 ஜனவரி முதல் அரசு வன்னியில் அறிவித்த பாதுகாப்பு வலயங்களைச் சுட்டுவது. அவ்வலயங்களுட் சென்று ஒடுங்கிய மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. நாற்பதினாயிரம் வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011 இற் கூறியது. தப்பிச்செல்ல முயன்றோரைப் புலிகள் சுட்டமையையும் அதே குழு பதிவுசெய்தது.

கண்காட்சியின் ஒரு கூறு, பல திரைகளாலான ஒரு கோளம். 2001 செப்டெம்பர் 11 தாக்குதற் செய்தி வெளிவருமுன் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடிய சாதாரண நிகழ்ச்சிகள் அதில் ஒலியும் ஒளியுமாக, இயந்திரத்தால் ஓயாது புதிது புதிதாகத் தொகுக்கப்பட்டன. மறுகூறு, முள்ளிவாய்க்கால் கடற்கரையைப் பொருளாகக் கொண்ட ஓவியங்கள். காலனித்துவத்தின் வழி இலங்கைக்கு வந்த நவீன ஓவிய மரபைப் பயின்ற கணினி அவற்றின் அமைப்பை வகுக்க, மனிதக் கை அவற்றைத் தீட்டியது. இரண்டையும் இணைக்கும் இழை வரலாற்றிலுள்ளது. செப்டெம்பர் 11 இன் பின் எழுந்த 'பயங்கரவாதத்துக்கு எதிரான போர்' என்னும் உலகச் சூழலே வன்னியில் நிகழ்ந்ததை உலகு கண்டுங் காணாதிருக்க இடமளித்தது. இவ்விணைப்பை அறிக்கையாகக் கூறாது அனுபவமாக்கியமை அவரது சாதனை என்போம். அவ்வோவியங்கள் தம்மைச் சாட்சியமெனக் கூறிக்கொள்வதுமில்லை. ஓவியம் ஓவியமாகவே நிற்பதால் ஒளிப்படத்தின் நம்பகத்தை அது அரிப்பதில்லை. இதனாலேயே இவரது ஆக்கங்களுள் இதனை முதலிடத்தில் வைக்கின்றோம்.

ஒப்புநோக்குக்கு யாழ்ப்பாணத்துத் தாமோதரம்பிள்ளை சனாதனனின் பணியைக் குறிப்பிடல் தகும். 2011 இல் நூலாக வெளிவந்த அவரது 'முற்றுப்பெறாத தோம்பு', இடம்பெயர்ந்தோர் தம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களை அடிப்படையாகக் கொண்டது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்தில் வழங்கிய காணிப் பதிவேடு. ஆட்சியாளரின் பதிவேட்டு வடிவத்தை மக்களின் நினைவால் நிரப்பியது அவ்வாக்கம். அங்கு மின்திரை இல்லை, கணினி இல்லை. ஆயினும் பங்கேற்பு உண்டு. வரைந்த கை வீட்டை இழந்தவரின் கை. எமது கூத்துக் களரியிலும் ஊரவரே ஆடினர், ஊரவரே சூழ்ந்திருந்து குறையும் நிறையும் கூறினர். தொழில்நுட்பத்தின் அளவு பங்கேற்பின் அளவாகாது.

குலேந்திரன் தோமஸை நாம் நிராகரிக்கவில்லை. கிளிநொச்சி என்னும் பெயரை ஐரோப்பியக் கலையுலகின் சிந்தனைக்குள் கொண்டுசென்றவர் அவர்; அனுதாபத்துக்குரிய பொருளாக மட்டுமன்றி ஓர் அரசியற் கருத்தாகவும் வன்னியைக் கருதவைத்தவர். இவை சிறிய பணிகளல்ல. ஆயின் வன்னி அவரிடம் பெரிதும் ஒரு கருத்தாகவே உள்ளது; அங்கு வாழ்வோர் இன்னும் அவரது ஆக்கங்களின் பங்காளிகளாகவில்லை. அவ்வாக்கங்கள் என்றேனும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு பொதுமண்டபத்தில் வைக்கப்படுமாயின், திரையில் எது உண்மை, எது புனைவு என ஊரவர் வாய்விட்டுக் கூறுவர். தமது பிள்ளைகளின் படங்களையும் உடன்கொண்டு வருவர். அன்று அவர்கள் கூறும் தீர்ப்பு எமது இத்தீர்ப்பிலும் மேலானதாயிருக்கும். அத்தகைய அரங்கொன்றை அமைக்க முயல்வது கலைஞருக்கு மட்டுமன்றி எமது பல்கலைக்கழகங்களுக்கும் உரிய பணியாகும்.