அச்சகம் இங்கே, வாசகர் அங்கே

'இந்தியா' வார இதழின் சாவைப் பற்றி நம்மிடம் ஒரே கதையாடல்தான் உண்டு. 1906இல் சென்னையில் பிறந்தது. 1908இல் பதிவுபெற்ற ஆசிரியர் மு. சீனிவாசனுக்கு ஐந்தாண்டு தண்டனை. பாரதி புதுவைக்கு வந்தார். அக்டோபரில் இதழும் வந்தது. 1910 மார்ச்சில் நின்றது. கொன்றவன் வெள்ளைக்காரன். முடிஞ்சது கதை.

எந்த வெள்ளைக்காரன்? இங்கே ஆண்டவனும் வெள்ளைக்காரன்தானே. 1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம் தந்த இடைவெளியில்தான் அந்த இதழ் மூச்சுவிட்டது. ஆங்கில அரசு புதுவை அச்சகத்துக்குள் கால்வைக்கவில்லை. தன் எல்லைக்குள் இதழ் வராமல் தடுத்தது, அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது என்பதைத்தான் நாம் வாசிக்கத் தவறுகிறோம். அச்சடித்த ஊர் அதைக் காப்பாற்றும் அளவுக்கு வாங்கவில்லை. சந்தாதாரர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களை முகப்பில் தாங்கிய இதழின் கோபம் பெரும்பாலும் லண்டனையும் கல்கத்தாவையும் மிதவாதிகளையுமே நோக்கியது. புகலிடத்துக்குக் கொடுத்த வாடகை என்று சொல்லலாம். பாரதியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாரதி பக்தர்களுக்கு இந்த வாக்கியம் போதாது என்பதும் தெரியும்.

அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டினால் வீராம்பட்டினம். ஆடி மாதம் செங்கழுநீரம்மன் தேருக்குப் பிரெஞ்சு கவர்னர் வந்து வடம்பிடித்த ஊர் (இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார்). அதிகாரம் இங்கே அச்செழுத்தாக வரவில்லை, தேர்வடமாக வந்தது. தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கு 'இந்தியா' முன்னோடி, அவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் தொகுத்துத் தந்தார். படம் எழுத்துத் தெரியாதவனுக்கும் போய்ச் சேரும் என்கிறோம். சரி, அந்தப் படத்தை இந்தக் கடற்கரையில் விரிச்சிருந்தா, வலை பின்னுகிற ஆள் என்ன கேட்டிருப்பான்? "இந்தத் தொப்பிக்காரன் நம்ம தொரையா, அந்தாண்ட தொரையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய இதழ் 1934இல்தான் வந்தது: வ. சுப்பையாவின் 'சுதந்திரம்'. அதன் எதிரி பிரெஞ்சுக்காரன். அதன் மக்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஞ்சாலைச் சங்குக்கு நடந்துபோனவர்கள். 1936 ஜூலை 30இல் பிரெஞ்சுப் படை சுட்டு 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த இதழ் யாருக்காகப் பேசியதோ, செத்தவர்கள் அவர்களேதான். தபாலை மறித்து அதைச் சாகடித்திருக்க முடியாது. ஆனாலும் புதுவை இதழியல் என்றதும் நம் ஆய்வேடுகள் பாரதி வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகின்றன.